மீன் கழுவிய தண்ணீர்

கோவிந்தம்மாவின் ரங்கூன் மல்லி ஒருவழியாகப் பூத்துவிட்டது.

அதுவும் கொத்துக் கொத்தாக. ஒரே கொத்தில் வெள்ளை, ரோஸ், சிவப்பு என்று மூன்று நிறம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ராயபுரமே காலியானபோது, ரயில்வே குவார்ட்டர்ஸ் ஆலிஸ் அம்மா ஒரு குச்சியை வெட்டி இவள் கையில் கொடுத்துவிட்டு ரயிலேறினாள். அன்று பிடித்த ஆசை. முதல் பூவைத் தலையில் வைத்துக்கொண்டு புருஷன் முன்னால் போய் நிற்க வேண்டும். புருஷன் என்றால் என் தம்பி தாமோதரன்.

ஆசைப்பட்டவள் சும்மா இருந்தாளா? தினமும் மீன் கழுவிய தண்ணீரை அதன் காலில் கொண்டுபோய் ஊற்றினாள். கொடி கூரை ஏறியது. இலையோ இலை. மருந்துக்குக்கூட ஒரு மொட்டு இல்லை.

"அதுக்குக் கொழுப்பு ஏறிகீதுமே. கொஞ்ச நாளு பட்டினி போடு, தன்னால பூக்கும்" என்பான் தம்பி.

இவளுக்கு மனசு வராது. பிள்ளை இல்லாத வீடு. கொடியைப் போய்ப் பட்டினி போடுவாளா?

இன்று காலையில் குப்பத்துப் பெண்கள் கூடிப் பறித்தார்கள். நீளக் காம்பு. நூலே வேண்டாம், காம்போடு காம்பு பின்னினால் சரமாகிவிடும். அவளைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, கல்யாணப் புடவை கட்டி, கை நிறைய வளையல் அடுக்கி, தலை கொள்ளாமல் வைத்துவிட்டார்கள். கல்யாணத்தன்றுகூட அவள் இவ்வளவு அழகாக இல்லை.

நான் தள்ளியே நின்றேன். அலங்காரத்துக்கு என் கை ஆகாது.

கொடியின் காலடியைப் பார்த்தேன். மண் காய்ந்து வெடித்திருந்தது. அந்த வீட்டில் மீன் கழுவி நாற்பது நாள் ஆகிறது. தம்பியின் கட்டுமரம் மட்டும் கரை ஒதுங்கியும் நாற்பது நாள். இனி வரமாட்டான் என்று நேற்றுதான் பஞ்சாயத்தில் சொல்லி முடித்தார்கள்.

பாவி, அவன் சொன்னது சரியாகப் போயிற்று. பட்டினி போட்டதும் பூத்துவிட்டது.

என்னைக் கூப்பிட்டார்கள். வைத்துவிடத்தான் சுமங்கலிகள். எடுப்பதற்குத் தாலியறுத்தவள் வேண்டும். எட்டு வருஷம் கழித்து என் கை பூவைத் தொட்டது.

கோவிந்தம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இத்துணூண்டு நேரம் இரு அண்ணி. உன் தம்பி இன்னும் பாக்கவேயில்லியே."

எவ்வளவு நேரம் இருப்பது? ஒரு பூவைத்தான் உருவினேன். நூல் இல்லாத சரம். மொத்தமும் அவள் மடியில் உதிர்ந்தது.