புள்ளி நுழைந்த சந்து

"அக்கா, உன் வெப்சைட்டுக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சா? பல்லக்கு இங்க பெட்ரோல் பங்க் முக்குல நிக்குது. உன் மேப்புல அம்மன் நம்ம சந்துக்குள்ள நிக்கிறா!"

போனில் தம்பி போ-யாங் கத்தினான். பின்னணியில் மேளமும் வெடிச் சத்தமும் கேட்டன.

யா-சுவான் திரையைப் பார்த்தாள். கடலம்மனின் சிவப்புப் புள்ளி அவள் வீட்டு வாசலிலேயே அசையாமல் நின்றது.

அம்மன் யாத்திரைக்கு வழி முன்கூட்டி முடிவாவதில்லை. பல்லக்கு எந்தப் பக்கம் ஆடித் திரும்புகிறதோ அதுதான் வழி. ஒரு வருடம் பள்ளிக்கூடத்துக்குள் போனது. இன்னொரு வருடம் மீன் பண்ணைக்குள். அதனால் பல்லக்கில் ஒரு சின்னக் கருவியைக் கட்டியிருந்தார்கள். அது இருக்குமிடத்தை அனுப்பும், யா-சுவானின் வெப்சைட் அதைப் புள்ளியாகக் காட்டும். வெப்சைட் இயங்கியது அவள் வீட்டுச் செருப்பு அலமாரிமேல் இருந்த பழைய சர்வரில். அந்தப் புள்ளியை நம்பித்தான் லட்சம் பேர் நடந்தார்கள்.

"கருவி கீழ விழுந்திருச்சா பாருடா."

"நான்தானே கட்டினேன்? பல்லக்கு உச்சியில பூவுக்குள்ள பத்திரமா இருக்கு. தப்பு உன் பெட்டியிலதான்."

கோயில் தலைவர் குவோ அவன் கையிலிருந்து போனைப் பிடுங்கினார்.

"ஏம்மா, பச்சைப் பொட்டலம் வெச்சியா இல்லையா?"

"வெச்சிருக்கேன் தலைவரே."

"தேதி முடிஞ்சதா இருக்கப்போகுது!"

"புதுசு தலைவரே. போன வாரம்தான் வாங்கினேன்."

சர்வரைச் சமர்த்தாக வைத்திருக்கும் என்று ஊரே நம்பும் பச்சை நிறத் தின்பண்டப் பொட்டலம் அதன் தலையில்தான் இருந்தது. யாரும் பிரித்துத் தின்றிருக்கவில்லை.

மறுபடி தம்பி போனில் வந்தான். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"அப்பா என்ன பண்றார்?"

"கொஞ்ச நேரம் முன்னாடி நீ வந்து சக்கர நாற்காலியில தூக்கி உக்கார வெச்சுட்டுப் போனதுலேருந்து சந்து முனையையே பாத்துட்டிருக்கார்."

அப்பா இருபத்திரண்டு வருடம் அந்தப் பல்லக்கைச் சுமந்தவர். கால்கள் விழுந்த பிறகு நான்கு வருடமாக வாசலில் மேசை போட்டு, அன்னாசி அடுக்கி, ஊதுவத்தி ஏற்றிக் காத்திருக்கிறார். பல்லக்கு ஒவ்வொரு முறையும் பெரிய சாலையோடு நேராகப் போய்விடும். அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்துவிட்டு, சிகிச்சைக்காக அவரைத் தைபேக்கு அழைத்துப் போகிறார்கள். இனி இந்த வாசலும் இல்லை.

"அக்கா, உண்மையைச் சொல்லு," போ-யாங்கின் குரல் திடீரென்று உயர்ந்தது. "அப்பாவுக்காக நீதான் புள்ளியை நகர்த்தி வெச்சியா?"

"வாயை மூடுடா! அம்மன் விஷயத்துல விளையாடுவேனா?"

அவள் காதுகள் சூடாயின. காலையில் ஒரு நிமிடம் அப்படி நினைத்ததும் உண்மை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு அந்த நிமிடத்தைக் கடத்தியிருந்தாள்.

சர்வரை நிறுத்தி மறுபடி இயக்கினாள். புள்ளி அதே இடத்தில் வந்து நின்றது. வந்த தகவல்களை வரிவரியாகப் படித்தாள். ஒரு பிழையும் இல்லை.

"தலைவர்கிட்ட சொல்லு. பெட்டி பொய் சொல்லல. அதுக்கு வர்றதைத்தான் காட்டுது."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது," தலைவரின் குரல் தூரத்திலிருந்து கேட்டது. "புள்ளி தப்புன்னு உடனே அறிவிப்புப் போடச் சொல்லுப்பா!"

வாசலில் சலசலப்பு. எட்டிப் பார்த்தாள். சந்து நிறைய ஜனம். ஊதுவத்தியும் கொடியுமாக இன்னும் வந்துகொண்டே இருந்தார்கள். வந்தவர்கள் வரிசையாகத் தார்ச்சாலையில் மண்டியிட்டார்கள், பல்லக்கு தலைக்கு மேலே கடந்து போக.

"அம்மன் இங்கதான் வர்றாளாமே!" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

அப்பா திரும்பினார். "சுவான், நிஜமா?"

"இல்லப்பா. வெப்சைட்ல ஏதோ தப்பு."

அவர் மஞ்சள் சட்டையின் மேல் பொத்தானைப் போட முயன்றார். விரல்கள் ஒத்துழைக்கவில்லை. அவள் குனிந்து போட்டுவிட்டாள்.

உள்ளே வந்து அறிவிப்பைத் தட்டச்சு செய்தாள். 'வரைபடத்தில் காணும் இடம் தவறு. பக்தர்கள் பொறுத்தருள்க.' வெளியிட ஒரு விசைதான் பாக்கி. விரல் அதன்மேல் இருந்தது.

போன் அலறியது.

"அக்கா! ஜனம் பூரா உங்க பக்கம் ஓடிருச்சு. இங்க ஈ காக்கா இல்ல. பல்லக்கு முன்னாடி போகுது, பின்னாடி வருது… அக்கா, திரும்புது! திரும்பிடுச்சு!"

விரலை எடுத்துவிட்டாள்.

மேளச் சத்தம் சந்துக்குள் வந்தது. மண்டியிட்ட முதுகுகளுக்கு மேலே பல்லக்கு மெல்ல மிதந்து வந்தது. சக்கர நாற்காலியின் முன் நின்றது. சுமந்தவர்கள் முழங்கால் மடக்கினார்கள். பல்லக்கின் விளிம்பு அப்பாவின் நெற்றியைத் தொட்டது.

"இடது பக்கம் தாழுது," என்றார் அப்பா. "தோள் மாத்துங்கடா."

சுமந்தவர்கள் சிரித்தபடியே தோள் மாற்றினார்கள்.

தலைவர் குவோ கண்ணைத் துடைத்துக்கொண்டு யா-சுவானிடம் வந்தார். "உன்னைத் திட்டிட்டேன்மா. அம்மன் திரும்பறதுக்கு முன்னாடியே உன் பெட்டிக்குத் தெரிஞ்சிருக்கு பாரு!"



எல்லோரும் பல்லக்கைப் பார்த்துக் குனிந்து வணங்கிய நேரத்தில், போ-யாங் மட்டும் அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் குனிந்தான். இருக்கைக்கு அடியில் ஒட்டியிருந்த, விளக்கு மினுங்கிய அந்தச் சின்னக் கருவியை உருவிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, அக்காவின் முகத்தைப் பார்க்காமல் முணுமுணுத்தான்:

"பெட்டி இனிமே சரியாயிடும் அக்கா."