காதில் நுழையாத பாம்பு

"இது காதுக்குள்ள நுழைஞ்சுடுமா மேடம்?"

ஜெபராஜ் ஜாம் பாட்டிலை மேசைமேல் வைத்தான். உள்ளே ஈர மண்ணில் கறுப்பு நூல் துண்டுபோல் ஒன்று நெளிந்தது.

ஜாஸ்லின் கல்லூரியில் விலங்கியல் நடத்துபவள். அவளைத் தேடித்தான் அவன் ஸ்ரீரங்கம் வரை வந்திருந்தான்.

"செவிப்பாம்புன்னு பேரு வச்சு இதைக் கெடுத்துட்டோம். விஷம் கிடையாது. கண்ணும் சரியாத் தெரியாது. எறும்பு முட்டையைத் தின்னுட்டு மண்ணுக்குள்ளேயே கிடக்கும். உங்க காதுல அதுக்கு என்ன வேலை?"

"என் வொய்ஃப் ஜென்சி நம்ப மாட்டாளே. பாத்ரூம்ல இதைப் பார்த்துட்டுக் கத்தினா. அன்னைக்கே ஜீயபுரத்துல இருக்கிற அம்மா வீட்டுக்குக் கிளம்பிட்டா. கூப்பிட்டா வரமாட்டேங்கிறா. எப்படியாவது அவ பயத்தைப் போக்கணும் மேடம்."

"அப்ப நீங்க வீட்ல இல்லையா?"

"ஹால்லதான் இருந்தேன். போன்ல மேட்ச் ஓடிட்டிருந்துச்சு. அவ போனப்புறம்தான் இதைப் பிடிச்சேன்."

ஜாஸ்லின் அவனை ஏறிட்டுப் பார்த்தாள்.

"இதோட ஜோடி வீட்லயே எங்கேயாவது இருக்குமா?"

"ஜோடியே வேணாம். இந்த வகையில நிறைய இனம் இருக்கு. மத்ததுல எல்லாம் ஆண், பெண் உண்டு. இதுல மட்டும் அத்தனையும் பெண். தனியாவே முட்டை போட்டுக்கும்."

"ஆம்பளையே தேவையில்லையா?"

"இதுக்குத் தேவையில்லை."

அவன் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மண்ணோட மண்ணா ஊர் ஊராப் போகும்," என்றாள் ஜாஸ்லின். "வீட்டுக்குப் புதுசா பூந்தொட்டி ஏதாவது வந்துச்சா?"

அவன் முகம் மலர்ந்தது. "மாமியார் மல்லிச்செடி குடுத்தனுப்பினாங்க!"

திரும்பும் வழியில் காவிரிப் பாலத்தில் பைக்கை ஓரங்கட்டி ஜென்சிக்குப் போன் செய்தான்.

"பாம்பு உங்கம்மா குடுத்த தொட்டியிலேருந்துதான் வந்திருக்கு! உங்க வாழைத்தோட்டத்துல நூறு கிடக்கும். அதுக்குப் பயந்து அங்கேயே போய் உட்கார்ந்திருக்கியே. ஒண்ணும் செய்யாது, கிளம்பி வா."

"தெரியும். சின்ன வயசுல உள்ளங்கையில விட்டு விளையாடியிருக்கேன்."

"அப்புறம் எதுக்கு அப்படிக் கத்தினே?"

பாலத்தில் பஸ்கள் போய்க்கொண்டே இருந்தன.

"அதைத் தொட்டியிலேருந்து எடுத்து பாத்ரூம்ல விட்டதே நான்தாங்க," என்றாள் ஜென்சி. "கத்தினா போனை வச்சுட்டு எழுந்து வர்றீங்களான்னு பார்த்தேன்."