வினிஃப்ரெட் டீச்சரின் காலிப் பெட்டி

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, நம் குவீன்ஸ்லாந்து டீச்சர் வினிஃப்ரெட் அருங்காட்சியகம் நடத்திய கதையைச் சொல்கிறேன்.

ஓடைக்கரையில் இருந்த பழைய கம்பளிக் கிடங்கை நகரசபை அவருக்கு ஒரு வருடத்துக்குக் கொடுத்திருந்தது. அதற்குள், வாத்து மூக்கும் ரோம உடம்புமாக ஓடையில் வாழும் பிளாட்டிபஸ் ஒன்றைக் காட்டாவிட்டால் காலி செய்ய வேண்டும் என்பது தலைவர் மர்டோக்கின் நிபந்தனை. கெடு முடிந்த மாலையில் அவரே வந்தார்.

வண்டுகள், உதிர்ந்த இறகுகள், கற்கள் எல்லாம் பார்த்துவிட்டு, சுவரோரம் 'பிளாட்டிபஸ்' என்று எழுதியிருந்த கண்ணாடிப் பெட்டியின் முன் நின்றார். உள்ளே கறுப்புத் துணி மட்டும் தொங்கியது.

"என்ன டீச்சர், பேர் இருக்கு, ஆளைக் காணோம்?"

"உக்காருப்பா. இன்னும் நேரமாகல."

"பஞ்சு அடைச்ச பிராணிக்கு என்ன டீச்சர் நேரம் காலம்? கிடைக்கலைன்னு ஒத்துக்கிட்டு நாளைக்கே காலி பண்ணுங்க."

"மூணாம் வகுப்புலயும் நீ இப்படித்தான். கணக்கை முழுசாப் படிக்காமலே கையைத் தூக்குவே."

மர்டோக்கின் காது சிவந்தது. டீச்சர் நிதானமாக விளக்கை அணைத்தார்.

"பூட்ஸைத் தேய்ச்சுச் சத்தம் போடாம நில்லு" என்று சொல்லிக் கறுப்புத் துணியை விலக்கினார்.

பெட்டிக்குப் பின்பக்கமே இல்லை. சுவரை வெட்டி வைத்த சன்னல் அது. அதற்கு அப்பால் அந்தி வெளிச்சத்தில் ஓடை. தண்ணீர் சுழித்தது. தட்டை மூக்கொன்று மேலே வந்து, இரையை மென்றபடி மிதந்தது.

மர்டோக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டார். "உயிரோட இருக்கு டீச்சர்!"

"இருக்கு. நீ சொன்னா பிடிச்சுப் பஞ்சு அடைச்சுடலாம்."

"ஐயோ, வேண்டாம்! கிடங்கை நீங்களே வச்சுக்குங்க. நாளைக்கு என் வீட்டுக்காரியைக் கூட்டிட்டு வரேன். எத்தனை மணிக்கு வரும்?"

"அதை அதுகிட்டதான் கேக்கணும். சீக்கிரமே வந்து நில்லு."

உங்கள் வீட்டுப் பக்கமும் தண்ணீர் வற்றாமல் ஓடட்டும், பிள்ளைகுட்டிகளோடு நிறைந்து வாழுங்கள்.