பூட்டு வரேன்

ஹர்ஷினி வாயைத் திறந்தாள். வசனம் வரவில்லை.

மேடையின் ஓரம், படுதா மறைவில் முக்காலி போட்டு உட்கார்ந்து வசனம் எடுத்துக் கொடுக்கிற பச்சையம்மாவுக்குத் திக்கென்றது. பதினோரு ஒத்திகையில் ஒரு தடவைகூடத் தடுமாறாத பெண். அதுவும் தான் பெற்ற பெண்.

திருப்பதியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஆட்டம். முந்நூறு பேர் இருமாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

நின்றுபோனது பெரிய அடுக்குமொழி ஒன்றும் இல்லை. 'போறேன்மா.' அவ்வளவுதான்.

நாடகம் ரொம்பப் பழசு. கோட்டைத் தலைவனின் ஒரே மகள், பதினாலு வயசு. முதல் காட்சியில் மல்லி வைப்பதா கனகாம்பரம் வைப்பதா என்பதைக்கூடத் தாயிடம் கேட்டுத்தான் செய்வாள். பக்கத்து வீட்டுக்குப் போனாலும் 'போயிட்டு வரேம்மா' உண்டு. மூன்றாம் காட்சியில் தாயிடம் முதல் பொய் சொல்வாள், கண்ணை இமைக்காமல். கடைசிக் காட்சியில் கேட்கவும் மாட்டாள், பொய்யும் சொல்ல மாட்டாள். எதிரிக் கோட்டையில் விடிந்தால் கழுவேறப் போகிற காதலனோடு சாகக் கிளம்பி, வாசலில் நின்று தாயைப் பார்த்து 'போறேன்மா' என்பாள்.

“மொத்த நாடகமும் அந்த ஒரு வார்த்தையிலதான் கீதுக்கா. அந்தப் பொண்ணு எவ்ளோ வளந்துட்சின்னு அதுல தெரியணும்,” என்று குழுத் தலைவர் கிருஷ்ணப்பா சொல்லிச் சொல்லியே பச்சையம்மாவின் காது புளித்துவிட்டது.

தெரியாமல் என்ன? சித்தூர்ப் பக்கத்தில் தமிழ் பேசினாலும் தெலுங்கு பேசினாலும் 'போகிறேன்' என்று சொல்லிவிட்டு எவரும் படியிறங்குவதில்லை. வருகிறேன் என்றுதான் போவார்கள். அதைச் சொல்லாமல் கிளம்புகிற வீடு சாவு வீடு ஒன்றுதான்.

பச்சையம்மா வீட்டில் அது 'பூட்டு வரேன்'. ஹர்ஷினி ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிற ஸ்ரீ சிட்டி கம்பெனியில், கூட இருக்கிற தஞ்சாவூர்ப் பெண்கள், எதைப் பூட்டிவிட்டு வரப்போகிறாய் என்று கேலி செய்வார்களாம்.

ஹர்ஷினியைப் பெற்ற நைனாவும் 'பூட்டு வரேன்' என்று சொல்லித்தான் பெங்களூரு பஸ் ஏறினார். ஒன்பது வருஷம் ஆகிறது. சொல்லிவிட்டுப் போனவரே வரவில்லை. சொல்லாமல் போகிறவள் எங்கே வரப்போகிறாள்?

காலையிலிருந்து பச்சையம்மாவை அரித்துக்கொண்டிருந்தது அதுதான். டிரங்குப் பெட்டியில், பெண்ணின் சர்ட்டிபிகேட் எல்லாம் வைத்திருந்த மஞ்சள் ஃபைலைக் காணோம். போன இரண்டு சனிக்கிழமையும் ஓவர்டைம் என்று அவள் ஊருக்கே வரவில்லை. எங்கேடி போகப்போற என்று போனிலாவது கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடுமே. அதனால் வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொண்டே கங்காதர நெல்லூரிலிருந்து தனியாகப் பஸ் ஏறி வந்து சேர்ந்தாள்.

அந்த வீட்டுக்குச் சாவி இரண்டு. ஒன்று பச்சையம்மாவின் இடுப்பில். இன்னொன்று சிவப்புக் கயிறு கோத்து ஹர்ஷினியிடம் இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் அவள் வந்து இறங்குகிற நேரத்தில் அம்மா சொசைட்டியில் பால் ஊற்றப் போயிருப்பாள். அவளே திறந்துகொண்டு, அடுப்படிக்குப் போய் இருப்பதைத் தின்றுவிட்டு, விளக்கையும் போட்டு வைத்திருப்பாள். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் பச்சையம்மா வெளிச்சமான வீட்டுக்குள் நுழைவது.

மேடையில் பெண் இன்னும் நின்றுகொண்டிருந்தாள். நாடகத்தின் தாயைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரத்துக்குக் கொண்டுவந்து, பச்சையம்மாவைப் பார்த்தாள்.

பச்சையம்மாவின் மடியில் நோட்டு விரிந்திருந்தது. அவளே கொட்டை எழுத்தில் எழுதிய வசனம். விரலை அதன்மேல் வைத்துக்கொண்டே குனிந்து கிசுகிசுத்தாள்.

“பூட்டு வரேம்மா.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. பெற்ற வயிறு வேறு எதை எடுத்துக் கொடுக்கும்?

ஹர்ஷினிக்குக் கேட்டது. கண்ணை எடுத்து நாடகத்தின் தாய்மேல் வைத்தாள். பிறகு நிமிர்ந்து, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி 'போறேன்மா' என்றாள்.

கைதட்டல் ஓயவே இல்லை. எதிர்ப்பக்க மறைவில் கிருஷ்ணப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த இடைவெளியும் நடிப்பு என்று நினைத்துவிட்டார், பாவம்.

ஆட்டம் முடிந்ததும் ஹர்ஷினி அரிதாரத்தோடேயே வந்தாள். அம்மா மடியிலிருந்த நோட்டை எடுத்து, மூடி, அவளே துணிப்பைக்குள் வைத்தாள். கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிறதாம். குனிந்து காலைத் தொட்டாள். நிமிர்ந்து, கண்ணை இமைக்காமல், “பூட்டு வரேம்மா,” என்றாள்.

பச்சையம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சொல்லிவிட்டாள்! ஃபைலைக் கம்பெனியில் கேட்டிருப்பார்கள். நான்தான் பைத்தியக்காரி, கண்டதையும் நினைத்துக்கொண்டு. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் பூதலப்பட்டு தாண்டும்வரை ஜன்னலோரத்தில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தாள். வரும் சனிக்கிழமைக்குக் கருவாடு வாங்கி வைக்கவேண்டும் என்றுகூட நினைத்தாள்.

மூக்குக் கண்ணாடிக்காகப் பைக்குள் கைவிட்டபோது நோட்டு நடுவில் புடைத்திருப்பது தட்டுப்பட்டது. எடுத்துப் பிரித்தாள்.

கடைசிப் பக்கத்தில் சிவப்புக் கயிறு. கயிற்றில் வீட்டுச் சாவி.

சாவியை நகர்த்தினாள். அடியில் பச்சையம்மாவின் கொட்டை எழுத்திலேயே நாடகத்தின் கடைசி வரி இருந்தது.

(தாய் ஒன்றும் பேசவில்லை. படுதா.)