நல்ல சேதிக்கு ஒரு குதிரைக்குட்டி

"அப்ப முடிவாயிடுச்சு. குடிதண்ணிக் குழாய் சாரி-தலா கிராமத்துக்கு!"

நாரின் பள்ளத்தாக்கு வளர்ச்சிச் சங்கத்தின் தலைவர் ஷைலோபெக் மேஜையைத் தட்டினார். தட்டிய சத்தம் அடங்குவதற்குள் அவர் நாற்காலி காலி.

"எங்கே போனாரு?" என்றாள் சூரா. நிர்வாகக் குழுவுக்குப் புதியவள்.

கால்நடை டாக்டர் தோலோகோன் ஜன்னலுக்குப் பாய்ந்தார். "ஐயோ, கார்ல ஏறிட்டாரு! சுயுஞ்சு கேக்கப் போறாரு!"

நல்ல சேதியை நேரில் போய் முதலில் சொல்கிறவர் 'சுயுஞ்சு!' என்று கத்தினால், கேட்டவர் பரிசு கொடுத்தே ஆக வேண்டும். போனில் சொன்னால் செல்லாது. அதிலும் சாரி-தலா பெண்கள் குழுத் தலைவி புருல்சா ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றே சொல்லியிருந்தாள்: "தண்ணி வருதுன்னு யார் வந்து சொன்னாலும் என் சாம்பல் குட்டியை அவிழ்த்துக் கொடுத்துடுவேன்!"

அன்றிலிருந்து குழுவில் பாதிப்பேருக்கு அந்தக் குதிரைக்குட்டி மேல்தான் கண்.

"அவகிட்ட இருக்கறதே ஒரு குதிரை. குட்டி பக்கத்துல நிக்கலேன்னா அது சொட்டுப் பால் விடாது. புருஷன் ரஷ்யாவுல கொத்து வேலைக்குப் போயிட்டாரு, அந்தப் பாலைப் புளிக்கவெச்சு குமிஸ்னு வித்துத்தான் இங்க அடுப்பெரியுது. டாக்டரே, உங்களுக்குத் தெரியாதா?" என்றாள் சூரா.

"தெரியாம என்னம்மா? ஆனா வழக்கம்னு ஒண்ணு இருக்கில்ல!" சொல்லிக்கொண்டே தோலோகோன் தன் குதிரையை நோக்கி ஓடினார்.

சூராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தானும் காரைக் கிளப்பினாள். முதலில் போய்ச் சேர்ந்துவிட்டால், 'ஒரு கிண்ணம் குமிஸ் போதும்' என்று சொல்லிக் குட்டியைக் காப்பாற்றிவிடலாம்.

வளைவு தாண்டியதும் தலைவரின் கார் தெரிந்தது. சாலை முழுக்க ஆட்டுமந்தை. நடுவில் மாட்டிக்கொண்டு ஹாரனை அழுத்து அழுத்தென்று அழுத்திக்கொண்டிருந்தார். கண்ணாடியில் சூராவைப் பார்த்தார். அவ்வளவுதான், காரை ஆடுகளிடம் ஒப்படைத்துவிட்டு இறங்கி ஓட ஆரம்பித்தார்! ஒரு கையில் தொப்பி, இன்னொரு கையில் இடுப்பை விட்டு இறங்கும் பேன்ட். தொப்பை மட்டும் அவருக்கு முன்னால் ஓடியது.

சூராவும் இறங்கி ஓடினாள். ஆனால் சிரிப்பு வந்து தொலைத்தது. சிரித்துக்கொண்டே எவ்வளவு தூரம்தான் ஓட முடியும்?

அதற்குள் குறுக்குவழியில் தோலோகோன் பாய்ந்து வந்தார். குதிரை ஓடைக்கரையில் சட்டென்று நின்றுவிட்டது. டாக்டர் மட்டும் தண்ணீருக்குள் போனார்.

"சுயுஞ்சு! சுயுஞ்சு, புருல்சா! உங்க ஊருக்குத் தண்ணி வருது!"

புருல்சா வீட்டு வாசலுக்குத் தலைவர் முந்திக்கொண்டார்.

கையிலிருந்த வாளியைப் போட்டுவிட்டுப் புருல்சா கூச்சலிட்டாள். அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் ஓடி வந்தார்கள். ஒருத்தி தலைவரையே பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள்.

புருல்சா குட்டியை அவிழ்க்கப் போனாள். தாய்க்குதிரை கனைத்தது. முடிச்சில் அவள் விரல்கள் ஒரு கணம் நின்றன.

"தலைவரே, ஒரு கிண்ணம் குமிஸ் போதும்னு சொல்லுங்க," மூச்சு வாங்கக் கெஞ்சினாள் சூரா.

புருல்சாவின் முகம் சிவந்துவிட்டது. "ஏன்க்கா, எனக்குப் பிச்சை போடறீங்களா? ஊரறியச் சொன்ன வார்த்தை. சொல்லிட்டுக் கொடுக்காதவன்னு பேரெடுக்கணுமா நான்?"

"அதானே! வார்த்தைன்னா வார்த்தை," என்று கயிற்றை வாங்கிக்கொண்டார் தலைவர். குட்டியின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். முதுகைத் தட்டிக்கொடுத்தார். "நல்ல குட்டி. ரொம்ப நல்ல குட்டி!"

மனுஷனுக்குக் கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா? நாளைக்கே குழுவிலிருந்து விலகிவிடுவது என்று சூரா முடிவு செய்தாள்.

சொட்டச் சொட்ட நனைந்து வந்து சேர்ந்த தோலோகோன், கயிறு இருந்த கையைப் பார்த்து, "போச்சா!" என்று தரையில் உட்கார்ந்தார்.

வீட்டுக்குள் குழந்தை வீறிட்டது.

"யாரது?" என்றார் தலைவர்.

"என் பொண்ணு தலைவரே. பொறந்து நாப்பது நாளும் கழிஞ்சாச்சு."

"பாரேன், என் கண்ணுல காட்டவே இல்லையே! தூக்கிட்டு வா, தூக்கிட்டு வா!"

புருல்சா துணியில் சுற்றித் தூக்கி வந்தாள். தலைவர் குனிந்து பார்த்தார். "அடேங்கப்பா, என்னா கன்னம்!" என்றபடியே கையிலிருந்த கயிற்றின் நுனியை அந்தச் சின்ன விரல்களுக்குள் வைத்தார். குழந்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"பிள்ளை முகத்தை முதல் தடவை பாக்கறவன் வெறுங்கையோட பாக்கலாமா? இந்தா தங்கம், முகம் பாத்த சீர். இப்போதைக்கு எங்கிட்ட இருக்கறது இந்தக் குட்டிதான்."

புருல்சா வாயைத் திறந்தாள்.

"நீ பேசாதே. பிள்ளைக்குக் கொடுத்த சீரை வேணாம்னு சொல்லப் பெத்தவளுக்கு உரிமை கிடையாது. அதுவும் வழக்கம்தான்!"

புருல்சா குழந்தையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சூராவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. தன் பட்டுக் கழுத்துத்துணியை அவிழ்த்துக் குழந்தைக்குப் போர்த்தினாள். அவளும் முகம் பார்த்துவிட்டாளே!

தலைவர் திரும்பினார். "என்ன டாக்டரே, நல்ல குதிரை ஒண்ணு கரையில நிக்குது போலிருக்கே. நீங்க பிள்ளையைப் பாத்தீங்களா?"

தோலோகோன் இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார்.