துணைக்கு ஒரு டம்ளர்

“மூக்கைப் பிடிச்சுக்கிட்டாவது குடிச்சிடுங்க. தட்டு வைக்கணும்.”

மனைவி நீட்டிய டம்ளரைப் பார்த்ததும் ரிட்டயர்டு ரயில்வே கார்டின் முகம் அஷ்டகோணலானது. பால் திரியும்போது பிரிகிற தண்ணீரிலிருந்து எடுத்த பவுடராம். வே புரோட்டீன் என்று பெயர். டப்பாவின் மேல் ஒருவன் சட்டையில்லாமல், மலையைப் பிடுங்கி அக்குளில் செருகிக்கொள்ளப் போகிறவன் மாதிரி நின்றான். கார்டு இதுவரை தூக்கிய அதிகபட்ச எடை அந்த டப்பாதான்.

எல்லாம் டாக்டர் செய்த வேலை. டாக்டர் வேறு யாருமில்லை, மனைவியின் தம்பி. சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் இதைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தால் வயிறு நிதானமாகக் காலியாகும், இன்சுலினும் முன்கூட்டியே எழுந்து உட்காரும், ரத்தத்தில் சர்க்கரை குபீரென்று ஏறாது என்று அக்காவிடம் ஓதிவிட்டான். கூடவே நடை, அளவுச் சாப்பாடு.

அன்றே வீட்டுச் சர்க்கரை டப்பா நாடு கடத்தப்பட்டது. இத்தனைக்கும் காபியில் ஸ்பூன் நெட்டுக்குத்தாக நிற்குமளவு சர்க்கரை போட்டுக் குடித்தவள் அவள்தான். இப்போது அவரோடு அவளும் துணைக்கு ஒரு டம்ளர் பவுடர் குடித்தாள். அவர் விரலில் ஊசி குத்துமுன், வலிக்காது பாருங்கள் என்று தன் விரலைக் குத்திக் காட்டினாள்.

எதிர் வரிசையில் பேக்கரி. சாயங்காலமானால் கேக் வாசனை தெருவைக் கடந்து, மாடியேறி, உரிமையோடு கார்டின் மடியில் வந்து உட்காரும். கனவிலோ சர்க்கரை மூட்டை ஏற்றிய கூட்ஸ் வண்டி வரும். அவர் சிவப்புக் கொடியை ஆட்டி ஆட்டித் தோள்பட்டை கழன்று விழும். வண்டி மட்டும் நிற்காது.

ஒருநாள் பேக்கரிக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றவரைக் கையும் களவுமாகப் பிடித்தாள். திட்டுவாள் என்று பார்த்தால், பக்கத்தில் நின்று தானும் கேக்கையே பார்த்தாள்.

“எனக்கு மட்டும் ஆசை இல்லையா? உங்களுக்குக் கிடையாதுன்னு ஆனப்புறம், நான் மட்டும் தின்னா தொண்டையில இறங்குமா?”

கார்டு அவள் பின்னால் நடந்தார்.

ரிசல்ட் நன்றாக இருந்தால், ஒரே ஒரு காபி, சர்க்கரையோடு, கேட்டு வாங்கிவிடுவது. இந்தச் சபதத்தோடுதான் கார்டு அன்று அவளோடு கிளினிக்குக்குப் போனார். முதல் நாள் ரத்தப் பரிசோதனைக்கும் துணைக்கு அவள் கை நீட்டியிருந்தாள். மச்சினன் அக்காவை எடை பார்த்து வரச்சொல்லி நர்ஸோடு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினான்.

“அத்தான், ஜெயிச்சிட்டீங்க. சர்க்கரை அழகா இறங்கியிருக்கு.”

“அப்ப காபி?”

“தாராளமா. ஆனா அக்கா முன்னாடி குடிச்சா விஷயம் வெளிய வந்துடும். பரவாயில்லையா?”

காவிரி கணக்காக ஊறிய எச்சிலைக் கார்டு விழுங்கினார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவள், இவருக்கு என்ன சொல்லப்போகிறானோ என்று கைப்பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு நின்றாள்.

“வேண்டாம்டா. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்.”

வெளியே வந்தவரிடம் அவள் கண்ணாலேயே கேட்டாள். பவுடரை நிறுத்தக் கூடாதாம் என்று முகத்தைத் தொங்கப்போட்டுச் சொன்னார்.

“அதுக்கேன் இப்படி உடைஞ்சு போறீங்க? துணைக்கு நான் குடிக்கிறேன்ல?”

தனக்கு வந்த சர்க்கரை வியாதிக்கு எத்தனை கெஞ்சியும் ஒரு வேளைகூடப் பத்தியம் இருக்காத அக்கா, அந்த வியாதியே இல்லாத அத்தானைத் தோளில் தட்டித் தேற்றி அழைத்துப் போவதை, மச்சினன் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.