வெளிச்சம் கசியாத தகடு

ஏஞ்சலின் பத்து நகங்களும் கறுப்பு. காலையில் முதல் பீரியடுக்கு வரும்போதே அப்படித்தான் வருவாள். 'நெயில் பாலிஷைப் பாரு, பெரிய சினிமா ஸ்டாரு' என்று அன்புராஜ் பல்லைக் கடித்தான்.

அந்த விரல்கள் அரத்தால் ராவிக் கொடுத்த இரண்டு இரும்புத் தகடுகளைத்தான் ஒர்க்‌ஷாப் எட்வர்ட் சார் ஒன்றோடு ஒன்று பொருத்தி, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்திருந்தார். ஒன்றில் 'வி' போல் ஒரு கூர். இன்னொன்றில் அதே அளவு பள்ளம். நடுவில் வெளிச்சம் ஒரு சொட்டுகூடக் கசியவில்லை.

அடுத்து அன்புராஜின் தகடுகள் மேலே போயின. வகுப்புக்கே கண் கூசிற்று.

"இன்னாடா இது கேப்பு? சூளூர்பேட்டை லோக்கல் ட்ரெயினே பூந்து போவும் போலக்கீதே!" என்றார் சார்.

அன்புராஜுக்கு எரிந்த வயிற்றெரிச்சலில் ஹாஸ்டல் மெஸ்ஸுக்கு மூன்று பந்தி இட்லி வேகவைத்திருக்கலாம். பின்னே? அவன் பிளஸ் டூவில் எடுத்த மார்க்குக்குக் கடம்பத்தூரில் லாரி நீளத்துக்கு பேனர் வைத்தார்கள். 'எங்கள் மண்ணின் மெக்கானிக்கல் மன்னனே!'

மன்னன் இன்ஜினியரிங் சேர்ந்த இரண்டே மாதத்தில் மேத்ஸ் போச்சு, ஃபிசிக்ஸ் போச்சு. டிராயிங் ஷீட்டை அழித்து அழித்து அந்தப் பக்கம் உட்கார்ந்தவன் முகம் தெரிந்தது. மிச்சமிருந்த ஒரே கோட்டை ஒர்க்‌ஷாப். அதிலும் ஒருத்தி ஏறி உட்கார்ந்துகொண்டால்?

"இது பழகுறதுக்கு. பரீட்சைத் தகடு வெள்ளிக்கிழமை வந்துடணும்" என்றார் சார். "ஃபர்ஸ்ட்டு வர்ற பீஸு, பேரோட கண்ணாடி அலமாரிக்குப் போவும். சனிக்கிழமை உங்க அப்பா அம்மா வந்து பாக்கட்டும்."

அன்று சாயங்காலம் அப்பா கலியன் போனில், "இன்னா நைனா, மெஷினெல்லாம் உன் பேச்சக் கேக்குதா?" என்றார்.

"கேக்குதுப்பா. கண்ணாடி அலமாரியே நமக்குத்தான்" என்று வாய்விட்டுவிட்டான். கலியன் அந்த நிமிஷமே ஊருக்கு இரண்டு வேன் பேசிவிட்டார்.

பழைய தகட்டில் இரண்டு நாள் ராவிப் பழகினான். விரல்கள் தேய்ந்த தேய்ப்பில், இனி ஆதாருக்குக் கைரேகை விழுமா என்பதே சந்தேகம். கேப்பு மட்டும் அகலமாகிக்கொண்டே போனது.

"அவ எங்கடா ராவுறா? வெளிய குடுத்துப் பண்ணிக்கினு வரா" என்று ரூம்மேட் ராபினிடம் பொருமினான்.

"அப்ப நீயும் குடேன். புதுவாயல் கூட்ரோட்டாண்ட ஜோசப் லேத்துன்னு ஒண்ணு கீது. அங்க ஒரு கை கீதாம். இரும்பு வெண்ணையாட்டம் வழுக்குமாம்."

ரோல் நம்பர் அடித்த பரீட்சைத் தகடு இரண்டையும் இடுப்பில் செருகிக்கொண்டான் அன்புராஜ். குனிந்தால் குத்தும். அதனால் மந்திரி மாதிரி நிமிர்ந்த நெஞ்சோடு வாட்ச்மேனைத் தாண்டி, புதுவாயல் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே போனான்.

லேத்தில் குனிந்திருந்த ஜோசப் தலையைத் தூக்கவில்லை. "அரம் வேல நமக்கு வராதுபா. பின்னாடி போய் சொல்லு."

பின்னால், தொளதொள காக்கிச் சட்டை, தொப்பி, தூசிக்காக மூக்கு வரை கட்டிய துண்டு. முதுகைக் காட்டிக்கொண்டு அந்த ஆள் ராவிக்கொண்டிருந்தது.

"அண்ணே! நீதாண்ணே காப்பாத்தணும். எங்க கிளாஸ்ல ஒரு பொண்ணு. வெளிய குடுத்துப் பண்ணிக்கினு வந்து பெரிய பிஸ்தா மாதிரி ஸீன் போடுது. அதோட திமிர அடக்கணும்ணே. உன் தங்கச்சி புள்ளயா நெனச்சிக்கண்ணே!"

அரம் ஒரு நொடி நின்றது. தோள் இரண்டும் குலுங்கின. இரும்புத் தூசியில் இருமுகிறது, பாவம் என்று அன்புராஜ் இரக்கப்பட்டான்.

திரும்பாமலே ஒரு கை நீண்டு தகடுகளை வாங்கிக்கொண்டது. கட்டைவிரல் மட்டும் மேலே எழுந்து, 'ஆயிடும்' என்றது.

வெள்ளிக்கிழமை. ஏஞ்சலின் தகட்டில் வழக்கம்போல வெளிச்சம் கசியவில்லை. அன்புராஜின் தகட்டிலோ, இரண்டும் சேர்ந்த இடமே தெரியவில்லை. எட்வர்ட் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து, பவர் குறைந்துவிடுமோ என்று பயப்படும்படி பார்த்தார்.

"டேய் அன்பு, கோடே தெரிலடா! ஏஞ்சலையே நூலளவு தாண்டிட்டியேடா!"

சனிக்கிழமை இரண்டு வேன் கடம்பத்தூரும் கண்ணாடி அலமாரி முன்னால் நின்று செல்ஃபி எடுத்தது. கலியன் மட்டும் எடுக்கவில்லை. மகன் பேரை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் காபி குடிக்க நகர்ந்ததும், ஓரமாக நின்ற ஏஞ்சலிடம் அன்புராஜ் போனான். இரண்டு மாத எரிச்சலையும் மொத்தமாகக் கொட்டிவிட வேண்டாமா?

"இன்னா ஏஞ்சல், வயிறு எரியுதா?"

"சேச்சே" என்று கறுப்பு நகத்தால் கண்ணாடியை லேசாகத் தட்டிச் சிரித்தாள் அவள்.

"வாய் நெறைய அண்ணேன்னு கூப்ட்டியே... அதான் என்னுதவிட நல்லாவே ராவிக் குடுத்தேன்!"